இரண்டு ஃபிரேம்

படகுக்காரி ரதிங்காவின் இடது முழங்கை
நேற்றுவரை பத்து ஃபிரேமில் போய்ச் சேர்ந்தது.
ஒசாக்காவில், மழை விடாத ஒரு செவ்வாய் மாலை,
ஆறாம் மாடியில்
மினெகோ அதைப் பன்னிரண்டாக்குகிறாள்.

பூஜ்யத்தை அழித்து இரண்டு. அவ்வளவுதான் வேலை.
பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம்:
'வெற்றி விகிதம் ஐம்பத்தாறு.'
இவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை என்று எழுத
அங்கே கட்டம் இல்லை.
அடுத்த வரி, கொல்லன்:
சம்மட்டிக்கு அரைச் சாண் நீளம் கூட்டு.
அதற்கடுத்தது, துறவி:
நெருப்பில் ஆறு புள்ளி குறை.

நொடிக்கு அறுபது ஃபிரேம்.
இமை ஒருமுறை மூடித் திறக்கப் பதினெட்டு ஆகும்.
நம் இலக்கணக்காரர்கள்
அந்த இமைப்பை ஒரு மாத்திரை என்று வைத்து
மெய்க்கு அரை கொடுத்தார்கள்,
சொல்லின் கடைசியில் ஒண்டி நிற்கும் உகரத்திடம்
பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
எந்த உகரமும் முறையிட்டதாகத் தெரியவில்லை.
மினெகோ பிடுங்கியது
மாத்திரையில் ஒன்பதில் ஒரு பங்கு.
முறையீடுகள் வரும்,
பதினேழு மொழியில்.

முதலாவது சோதனை அறையிலிருந்தே வந்தது.
நாள் முழுதும் ரதிங்காவாக ஆடுகிற தொக்குமாரு
துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கையை வீசிப் பார்த்து,
"நனைந்த கோட்டுப் போட்டிருக்கிறாள்" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அன்று அவளுக்குக் காப்பி வாங்கி வரவும் இல்லை.

*

குஜ்ரன்வாலாவில் ஒரு டயர்க் கடைக்கு மேலே
நான்கு திரை, ஒரு யூபிஎஸ்.
புதிய பதிப்பு இறங்கி முடிய விடியற்காலை மூன்று.
ஏழு வருஷமாக ரதிங்காவைத் தவிர
வேறு யாரையும் தொடாத ஷாவைஸ்
முதல் ஆட்டத்திலேயே விழுந்தான்.
கைக்கு இன்னும் பத்துதான் தெரியும்.
கட்டைவிரல் சொன்ன இடத்துக்கு முழங்கை வருவதற்குள்
அங்கே எதிராளியின் கால் வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாவதிலும்.
ஒன்பதாவதிலும்.

"ஆளை மாத்துடா" என்றான் முனீப்,
கொல்லனின் புதுச் சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு.
"அவ கதை முடிஞ்சுபோச்சு."
அப்போது மின்சாரம் போயிற்று.
யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் அடங்கியது.
முனீப் தேநீருக்கு இறங்கிப் போனான்.
ஷாவைஸ் இருட்டில் உட்கார்ந்து
செத்த பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான்:
ஒன்று, அப்புறம் ஒன்று,
கூட வருபவர் கால் தளர்ந்தால்
நாம் நம்மை அறியாமல் நடையைக் குறைப்போமே,
அப்படி.

பதினோராம் நாள் இரவு.
கொல்லன் பாய்ந்து வருகிறான்.
முனீப்பின் உடம்புக்கும் அந்தப் பழைய பத்து மனப்பாடம்.
சரியாகப் பத்தில் தடுத்தான்.
எதுவும் வரவில்லை.
வராது என்று நம்பிச் சம்மட்டியை ஓங்கினான்.
பன்னிரண்டில் வந்தது.

கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்
கையைத் துடைக்காமலே மேலே ஓடி வந்தார்கள்.
ஷாவைஸ் சிரிக்கவில்லை.
அதே அடியை இன்னொரு முறை அடித்தான்,
தற்செயல் இல்லை என்று
தனக்குக் காட்டிக்கொள்ள.

*

அந்த ஆட்டம் மினெகோவின் திரைக்கு வந்தபோது
மழைக்காலம் போயிருந்தது.
மூன்று முறை பின்னோட்டிப் பார்த்தாள்.
அட்டவணை ஐம்பத்தேழு என்கிறது.
நாற்காலியைத் திருப்பாமலே தொக்குமாரு சொன்னான்:
"கோட்டுக் காய்ந்துவிட்டது போல."

பன்னிரண்டின் பக்கத்தில் சுட்டுக்கோடு
மூடித் திறந்து, மூடித் திறந்து காத்திருக்கிறது.
காரணக் கட்டத்தில் ஏதோ எழுதினாள்,
அழித்தாள்.
எண்ணைத் தொடவில்லை.
எழுந்து, குடை எடுக்காமல்,
காப்பி வாங்கப் போனாள்.
இரண்டு.